எடை குறைக்கும் போட்டியும் எங்கள் அக்காவும்

எங்கள் வீட்டில் எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருக்கிறது. சில மாதங்களாக அது கட்டிலுக்கு அடியில் தூசி படிந்து கிடக்கிறது. காலால் உள்ளே தள்ளிவிட்டது என் அக்கா. ஏன் தள்ளினாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். "எழுதிக்கோ, பேரு மட்டும் போட்றாத" என்றாள். போடவில்லை.

அக்கா இங்கே குமாரபாளையத்தில் ஒரு ஜவுளிக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறாள். காலை ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் எழுந்திருப்பாள். நடுவில் இரண்டு டீ, சாயங்காலம் பஜ்ஜியோ போண்டாவோ. எடை 84 கிலோ. அது அவளுக்குப் பெரிய கவலையாக இருந்ததில்லை, வரன் பார்க்க ஆரம்பிக்கும் வரை. பெண் பார்க்க வந்த ஒரு வீட்டார் காபி குடித்துவிட்டுப் போய், "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. ஒடம்பு மட்டும் கொஞ்சம் கொறச்சுட்டா பரவால்ல" என்று பெரியம்மாவிடம் சொல்லி அனுப்பினார்கள். குடித்த காபியில் சர்க்கரை எவ்வளவு என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

அந்த வாரம்தான் அக்கா யூடியூபில் 'தி பிக்கஸ்ட் லூசர்' பார்க்க ஆரம்பித்தாள்.

தெரியாதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். இது 2004-ல் அமெரிக்காவின் என்.பி.சி. சேனலில் தொடங்கிய போட்டி. உடல் பருமன் உள்ளவர்களை ஒரு பண்ணை வீட்டில் தங்க வைத்து, பயிற்சியாளர்களை விட்டு விரட்டி விரட்டி உடற்பயிற்சி செய்ய வைப்பார்கள். வாராவாரம் எல்லோர் முன்னாலும் ராட்சத எடை மெஷினில் ஏற்றுவார்கள். குறைவாக இளைத்தவர்களில் ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். கடைசியில் அதிக சதவீதம் எடை குறைத்தவருக்கு இரண்டரை லட்சம் டாலர். என்.பி.சி.யில் 2016 வரை ஓடியது, 2020-ல் வேறு சேனலில் ஒரு சீசன் வந்தது. இந்தியாவிலும் 2007-ல் சஹாரா ஒன் சேனலில் 'பிக்கஸ்ட் லூசர் ஜீதேகா' என்று இந்தியில் நடத்தினார்கள், சுனில் ஷெட்டி தொகுத்து வழங்கினார். 'லூசர்' என்றால் இழப்பவர், தோற்பவர் இரண்டும்தான். பெயரிலேயே ஒரு குத்தல் இருக்கிறது பாருங்கள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நானும் கூட உட்கார்ந்து பார்த்தேன். நன்றாகவே இருந்தது. முதல் வாரம் பத்து படி ஏற முடியாதவர் கடைசி வாரம் ஓடுகிறார், பழைய பேண்ட்டின் ஒரு காலுக்குள் முழு ஆளும் நிற்கிறார், குடும்பமே அழுகிறது. நாங்களும் அழுதோம். அதனால், பார்க்காமலே திட்டுகிறேன் என்று நினைக்காதீர்கள்.

அடுத்த திங்கட்கிழமை அக்கா களத்தில் இறங்கினாள். காலை ஐந்து மணிக்குக் காவிரிப் பாலத்தில் நடந்து பவானி கூடுதுறை வரை போய்த் திரும்புவாள். மதியம் இரண்டு சப்பாத்தி, வெள்ளரிக்காய். ராத்திரி மோர் மட்டும். அதற்கு மேல் மொட்டை மாடியில் ஸ்கிப்பிங். இரண்டு மாதத்தில் 11 கிலோ குறைந்தாள். தெருவே பாராட்டியது. மூன்றாம் மாதம் ஆபீஸ் படிக்கட்டில் மயங்கி உட்கார்ந்துவிட்டாள். அம்மா பயந்து போய்ச் சோறு ஊட்ட ஆரம்பித்தார். ஏழே மாதத்தில் மெஷின் 86 காட்டியது. ஆரம்பித்த இடத்தை விட இரண்டு கிலோ அதிகம்.

அன்றைக்குத்தான் மெஷின் கட்டிலுக்கு அடியில் போனது. அன்று ராத்திரி அக்கா சொன்னதுதான் என்னைத் தூங்க விடவில்லை. "அவங்க எல்லாம் நூறு கிலோ கொறைக்கறாங்க. எனக்கு மன உறுதி இல்லடா. நான் அவ்வளவுதான்."

இதை நான் நம்பவில்லை. விடியக்காலை எழுந்து நடந்தவளுக்கா மன உறுதி இல்லை? அதனால் உட்கார்ந்து தேடிப் படித்தேன். செமஸ்டருக்குக் கூட இவ்வளவு படித்ததில்லை :-)

முதல் கேள்வி. டிவியில் காட்டுவது நடக்கிற காரியமா?

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. அந்த நிகழ்ச்சியில் முதல் வாரம் ஐந்து கிலோ குறைவது சர்வ சாதாரணம். அந்த ஐந்து கிலோவும் கொழுப்பு என்றால் வாரத்துக்கு 38,500 கலோரி, நாளுக்கு 5,500 கலோரி பற்றாக்குறை வேண்டும். என் அக்கா மாதிரி ஒருவர் ஒரு நாள் முழுக்கச் செலவழிப்பதே சுமார் 2,000 கலோரிதான். அதாவது பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடந்தாலும் இந்தக் கணக்கு வராது.

பிறகு எப்படிக் குறைகிறது? ஒன்று, அங்கே வருபவர்கள் பலர் 150 கிலோவுக்கு மேல் இருப்பவர்கள். அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்கப் பயிற்சி செய்தால் கலோரி எக்கச்சக்கமாகச் செலவாகும். இன்னொன்று தண்ணீர். நம் தசையிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்று மாவுச்சத்துச் சேமிப்பு இருக்கிறது. அதில் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்தால் முதலில் காலியாவது அந்தச் சேமிப்பும் அதன் தண்ணீரும்தான். மறுபடி சாப்பிட்டால் அது திரும்பி வரும். நம் ஊரில் "பத்தே நாளில் ஐந்து கிலோ" என்று போஸ்டர் ஒட்டுகிறவர்கள் பிழைப்பதே இந்தத் தண்ணீரில்தான்.

இதோடு ஒரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே போட்டியாளருக்கு ஆபீஸ் இல்லை, சமையல் இல்லை, வரன் இல்லை. நாள் முழுக்க உடம்பைக் குறைப்பது மட்டும்தான் வேலை. டாக்டர், டயட் சொல்ல ஆள், முன்னால் பரிசுப் பணம். ஒன்பதரைக்குப் பஞ்ச் வைக்க வேண்டிய ஒருத்தி அவர்களோடு தன்னை ஒப்பிட்டுக்கொள்வது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது கேள்வி. கேமரா போன பிறகு என்ன ஆகிறது?

இதற்கு அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளர் பதில் தேடினார். 2009-ல் ஒளிபரப்பான எட்டாவது சீசனில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு வருடம் கழித்து மறுபடி கூப்பிட்டுச் சோதித்தார். முடிவு 2016-ல் வெளியானது. போட்டியில் அவர்கள் குறைத்தது சராசரியாக 58 கிலோ. ஆறு வருடத்தில் திரும்ப ஏறியது சராசரியாக 41 கிலோ. சிலர் போட்டிக்கு முன்பு இருந்ததை விடவும் கனமாகிவிட்டார்கள்.

அந்த சீசனில் ஜெயித்தவர் டேனி காஹில். 195 கிலோவில் ஆரம்பித்து ஏழே மாதத்தில் 108 கிலோ குறைத்தவர். அவருக்கும் 45 கிலோவுக்கு மேல் திரும்ப ஏறியிருந்தது. ஊர் உலகமே பார்க்க ஜெயித்த மனிதர் அவர். அவருக்கும் மன உறுதி இல்லை என்று சொல்வீர்களா?

நான் நிமிர்ந்து உட்கார்ந்தது அடுத்த விஷயத்தைப் படித்தபோதுதான். நாம் சும்மா படுத்திருந்தாலும் மூச்சுக்கும் இதயத்துக்கும் மூளைக்கும் உடம்பு கலோரி செலவழிக்கும். போட்டியாளர்களுக்கு அந்தச் செலவு, அவர்கள் எடைக்கு இருக்க வேண்டிய அளவை விட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைந்து போயிருந்தது. அதுவும் ஆறு வருடம் கழித்தும்! ஒரு இட்லிக்கு அறுபது கலோரி என்று வைத்தால் எட்டு இட்லிக்கு மேல். அதே எடையுள்ள இன்னொருவரை விட எட்டு இட்லி குறைவாகச் சாப்பிட்டால்தான் அவர் அந்த எடையிலேயே நிற்க முடியும். போதாக்குறைக்கு, "வயிறு நிறைந்தது, போதும்" என்று மூளைக்குச் சொல்லும் லெப்டின் என்ற ஹார்மோனும் அவர்களுக்கு முன்பு இருந்த அளவுக்குத் திரும்பவில்லை. செலவு குறைவு, பசி அதிகம். உடம்பு 'பஞ்சம் வந்துவிட்டது' என்று நினைத்து இழுத்துப் பிடிக்கிறது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தறியை வைத்துச் சொன்னால் புரியும். தறியை அது தாங்குகிற வேகத்துக்கு மேல் ஓட்டினால் அன்றைக்கு நாலு மீட்டர் கூட வரலாம். அப்புறம் பாவு நூல் அறுந்து அறுந்து, அதைக் கட்டிக்கொண்டே உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பும் அப்படித்தான். நூல் அறுந்ததற்கு நூலைத் திட்டி என்ன பயன்?

இந்த விஷயத்தை அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை. "மறுபடி படி" என்றாள். படித்தேன்.

மூன்றாவது கேள்வி. நடைமுறைக்கு ஒத்து வராவிட்டாலும், பார்ப்பவர்களுக்கு ஊக்கமாவது தருகிறதா?

என் வகுப்பு நண்பன் ஒருவன் இதைத்தான் கேட்டான். "டேய், அதைப் பார்த்து நாலு பேரு நடக்க ஆரம்பிச்சா நல்லதுதான?" நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புப்படி பெண்களில் 40 சதவீதம், ஆண்களில் 37 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள். சர்க்கரை வியாதி இல்லாத தெருவே இல்லை. ஏதாவது ஒன்று நம்மை எழுப்பி நடக்க வைத்தால் நல்லதுதான், மறுக்கவில்லை. என் அக்காவையும் அதுதானே எழுப்பியது?

ஆனால் ஆராய்ச்சி வேறு மாதிரி சொல்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 138 மாணவர்களை வைத்து ஒரு சோதனை செய்தார்கள், 2013-ல் வெளியானது. ஒரு பகுதியினருக்கு இந்த நிகழ்ச்சியிலிருந்து ஒரு துண்டு, மற்றவர்களுக்குப் பாட்டுப் போட்டியிலிருந்து ஒரு துண்டு. எடைப் போட்டியைப் பார்த்தவர்களுக்குத்தான் உடற்பயிற்சி மேல் பிடிக்காத எண்ணம் கூடியிருந்தது. யோசித்தால் ஆச்சரியமில்லை. வாந்தி எடுப்பதையும் அழுவதையும் கீழே விழுவதையும் காட்டி, "இதுதான் உடற்பயிற்சி" என்றால் யாருக்குச் செருப்பு மாட்டிக்கொண்டு கிளம்பத் தோன்றும்?

2012-ல் வந்த இன்னொரு ஆய்வு இன்னும் மோசம். 59 பேரில் ஒரு பாதிக்கு இந்த நிகழ்ச்சி ஒரே ஒரு எபிசோட், மறுபாதிக்கு இயற்கை பற்றிய நிகழ்ச்சி. எடைப் போட்டியைப் பார்த்தவர்களுக்குப் பருமனானவர்கள் மேல் வெறுப்பு அதிகமானது. எடை என்பது முழுக்க அவரவர் கையில்தான் இருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடியது. இரண்டுமே சின்ன ஆய்வுகள்தான், இதை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் காபி குடித்துவிட்டுப் போனவர்களின் பேச்சு எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. "மனசு வெச்சா கொறைக்கலாமே" என்று சொல்பவர்களுக்கு இந்த மாதிரி நிகழ்ச்சிதான் சாட்சி.

என் கருத்து இதுதான். இந்தப் போட்டிகள் ஊக்கம் தருகின்றன, மூன்று மாதத்துக்கு. அதற்குப் பிறகு அதே கையால் குற்ற உணர்ச்சியையும் தருகின்றன. ஜெயிப்பது எப்படி என்று காட்டுகிறார்கள், ஜெயித்தவருக்கு ஆறு வருடம் கழித்து என்ன ஆனது என்பதை அதே மேடையில் காட்டுவதில்லை. 2014-ல் ஒரு சீசனில் ஜெயித்த பெண் 118 கிலோவிலிருந்து 48 கிலோவுக்கு வந்து நின்றபோது பயிற்சியாளர்களின் முகமே மாறியது. அப்போதாவது பார்ப்பவர்கள் யோசித்தார்கள். 2025-ல் நெட்பிளிக்ஸில் இந்த நிகழ்ச்சி பற்றிய ஆவணத் தொடர் வந்த பிறகு இன்னும் பலர் யோசிக்கிறார்கள். நம் பக்கம் 2015-ல் அனுஷ்கா எடை கூட்டி நடித்த 'இஞ்சி இடுப்பழகி' குறுக்குவழி சிலிம் கிளினிக்குகளைத்தான் கேள்வி கேட்டது. நாம் படத்தை விட்டுவிட்டு அனுஷ்கா எப்போது இளைப்பார் என்று பேசிக்கொண்டிருந்தோம்.

அப்படியானால் எடை குறைக்கவே முடியாதா? முடியும். அதே போட்டியாளர்களிடம் நடத்திய 2017 ஆய்வில், எடையை ஓரளவு தக்க வைத்தவர்கள் யார் என்று பார்த்தார்கள். தினசரி உடல் உழைப்பை விடாமல் தொடர்ந்தவர்கள்தான். தினமும் சுமார் 80 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 35 நிமிடம் கடுமையான உழைப்பு. ஏழு மாதத்துக்கு அல்ல, வருடக்கணக்கில். இதை டிவியில் காட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். தினமும் ஒருத்தி பாலத்தில் நடந்து போய்த் திரும்பி வருகிறாள், அவ்வளவுதான் கதை. விளம்பரம் கூடக் கிடைக்காது.

ஆனால் அந்தக் கதை எங்கள் வீட்டில் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது. அக்கா மறுபடி நடக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள், கூடுதுறை வரை எல்லாம் இல்லை, பாலத்தின் அந்த முனை வரை. சில நாள் நானும் போகிறேன் (அவள் வேகத்துக்கு எனக்குத்தான் மூச்சு வாங்குகிறது). ராத்திரி மோர் மட்டும் என்பது போய், இரண்டு தோசையும் கீரையும் வந்திருக்கிறது. சாயங்கால பஜ்ஜி வாரம் ஒரு முறை, அதை மட்டும் விட முடியாது என்று சொல்லிவிட்டாள். போன மாதம் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் சர்க்கரை முன்பை விடக் குறைந்திருக்கிறது. எடை எவ்வளவு என்று தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை வீடு கூட்டும்போது அம்மா அந்த மெஷினை வெளியே எடுத்து, "இதைப் பழைய சாமான் கடைக்குப் போட்றலாமா சாமி?" என்று கேட்டார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேண்டாம், இருக்கட்டும். அரிசி மூட்டை நிறுத்துப் பார்க்க ஆகும்" என்றாள்.

பி.கு.: நான் டாக்டர் இல்லை, இன்ஜினியரிங் படிக்கிறவன். எடை குறைக்க நினைப்பவர்கள், முக்கியமாகச் சர்க்கரை, பிரஷர் இருப்பவர்கள், டாக்டரைப் பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வாருங்கள்.