சாட்சியும் கூலியும்



2020 ஆகஸ்டில் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் அந்தமானை இணைத்தபின், ஹாவ்லாக் எனப்பட்ட சுவராஜ் தீவின் விடுதிகளைப் புகழ்ந்து காணொளி வெளியிடுவது நம் வாலிபருக்கும் எளிதாயிற்று. இலவசமாய்த் தங்கிவிட்டுப் புகழ்ந்தால் அதைச் சொல்லவேண்டுமா? வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல்கள், பணத்தோடு இலவசத் தங்கலையும் பரிசையும் சேர்த்தே எண்ணுகின்றன. 'விளம்பரம்' என்னும் அறிவிப்பு காணொளிக்குள்ளேயே, பேச்சிலும் எழுத்திலும் வரவேண்டும். கீழேயுள்ள குறிப்பில் மட்டும் இட்டால் போதாது. தவறான விளம்பரத்துக்கு 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்க இடமுண்டு.

அனனியா நிலத்தின் விலையில் பங்கு வைத்துக்கொண்டதற்காக அல்ல, அதை மறைத்ததற்காகவே கடிந்துகொள்ளப்பட்டான். இலவசமாய்த் தங்குவதும் பாவமன்று. ஆனால் நம் சபைத் தம்பி சொல்கிறானே என்று நம்பி, பட்டணத்து வாடகை வீட்டிலிருக்கும் குடும்பமொன்று தன் ஆண்டுச் சேமிப்பை அவ்விடுதிக்கு முன்பணமாக அனுப்புகிறதே!