முதல் ஊசிக்கு முன் கல்ச்சர்: ரத்தத்தில் பரவும் கிருமித்தொற்று குறித்த கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளின் வார்டுகளிலும் லேபுகளிலும் வேலை பார்ப்பவர்கள், ரத்தத்தில் கிருமி பரவி வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர்கள், அதே நோயிலிருந்து பிழைத்து வந்தவர்கள் ஆகிய நாங்கள், மக்கள் நல்வாழ்வுத் துறையின் முன்பும் மருத்துவக் கல்லூரிகளின் முன்பும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் முன்பும் இந்தக் கோரிக்கைகளை வைக்கிறோம்.

2017ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் 4.89 கோடிப் பேருக்கு, கிருமித்தொற்றால் உறுப்புகள் பழுதாகும் செப்சிஸ் வந்தது, 1.1 கோடிப் பேர் இறந்தார்கள் என்கிறது லான்செட் இதழில் வந்த கணக்கு. அந்த எண்ணிக்கை நம் ஊரில் எப்படி நடந்தேறுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறோம். இரவு பத்து மணிக்குத் தாலுகா மருத்துவமனைக்கு ஒரு பெரியவரைக் கொண்டுவருகிறார்கள். உடம்பு தூக்கிப்போடுகிறது, பி.பி. இறங்குகிறது, பேச்சு குழறுகிறது. டூட்டி டாக்டர் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போடச் சொல்கிறார். அந்த முடிவில் தவறில்லை. ஆனால் ரத்தத்தில் எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பாட்டில் அங்கே இல்லை. இருந்தாலும் இரவில் வாங்கிக்கொள்ள லேபில் ஆளில்லை. மூன்றாம் நாள் நிலைமை மோசமாகி 108இல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புகிறார்கள். அங்கே எடுத்த கல்ச்சரில் கிருமி வளரவில்லை என்று ரிப்போர்ட் வருகிறது. ரத்தத்தில் கிருமியே இருந்ததில்லை என்று அதற்குப் பொருளல்ல. ஏற்கெனவே ஏறிய மருந்து கிருமியைப் பாட்டிலில் வளரவிடவில்லை, அவ்வளவுதான். இனி எந்த மருந்து கேட்கும் என்று எவராலும் சொல்ல முடியாது. கையிருப்பில் பெரிய மருந்து எதுவோ, பெரும்பாலும் மெரோபெனம், அதைக் குத்துமதிப்பாக ஏற்றுகிறார்கள்.

எனவே முதல் கோரிக்கை, மற்ற எல்லாவற்றுக்கும் அடிப்படையானது: உள்நோயாளிகளைச் சேர்க்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும், ரத்தத்தில் தொற்று என்று சந்தேகம் வந்த நொடியில், முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் கல்ச்சர் எடுக்கப்பட வேண்டும். பெரியவர்களுக்கு இரண்டு வெவ்வேறு இடங்களில் குத்தி, பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவு. ஒரு மில்லி ரத்தத்தில் ஒரே ஒரு கிருமிகூட அகப்படாமல் போகலாம் என்பதால் இரண்டு மில்லியை இழுத்துவிட்டுக் கடமையை முடிப்பதில் பயனில்லை. கனடாவிலும் அமெரிக்காவிலும் அவசரப் பிரிவுக்கு வந்த 325 நோயாளிகளிடம் மருந்துக்கு முன் ஒருமுறையும், மருந்து போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் ஒருமுறையும் கல்ச்சர் எடுத்துப் பார்த்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். முன்பு எடுத்ததில் 31.4 சதவீதம் பேருக்குக் கிருமி வளர்ந்தது. பின்பு எடுத்ததில் 19.4 சதவீதம் பேருக்குத்தான். இரண்டே மணி நேரத்தில் இவ்வளவு தடயம் அழிகிறது என்றால், மூன்று நாள் ஊசிக்குப் பிறகு எங்களிடம் வரும் நோயாளியின் கதி என்ன?

ஷாக்கில் இருப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்குள் மருந்து போயாக வேண்டும். அதைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. பாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் ரத்தம் எடுக்கச் சில நிமிடங்கள் போதும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் பாராசிட்டமாலும் சலைனும் தட்டுப்பாடில்லாமல் பார்த்துக்கொள்வது போலவே கல்ச்சர் பாட்டிலையும் தாலுகா மருத்துவமனை வரை கொண்டுசேர்க்க வேண்டும்.

பாட்டிலோடு வேலை முடிவதில்லை. ரத்தம் ஏற்றிய பாட்டிலை, மற்ற சாம்பிள்களோடு சேர்த்து இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்துவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. குளிரில் கிருமி செத்துப்போகவோ வளராமல் போகவோ வாய்ப்பு அதிகம். அறை வெப்பத்தில் வைத்து இரண்டு மணி நேரத்துக்குள் கல்ச்சர் மெஷினில் ஏற்ற வேண்டும். தோலைச் சரியாகத் துடைத்துக் காயவிடாமல் குத்தினால் தோலில் இருக்கும் கிருமி பாட்டிலுக்குள் போய்விடும். பிறகு இல்லாத நோய்க்கு வான்கோமைசின் ஏறும். இப்படிக் கலப்படமான கல்ச்சர் நூற்றுக்கு மூன்றைத் தாண்டக் கூடாது என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவுகோல். எங்கள் மருத்துவமனைகளில் அது எவ்வளவு என்று மாதாமாதம் எண்ணப்பட வேண்டும். எண்ணிக்கை கூடினால் நர்ஸுக்கு மெமோ கொடுக்காதீர்கள், பயிற்சி கொடுங்கள். ஐம்பது படுக்கைக்கு ஒருவர் என்று நிற்கும் இரவு டூட்டியில் இன்னொருவரைச் சேருங்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனை லேபுகள் ஞாயிறு, பண்டிகை, இரவு என்று பாராமல் கல்ச்சரை வாங்க வேண்டும். கிருமி வளர்ந்ததாக மெஷின் மணியடித்ததும் கிராம் ஸ்டெயின் பார்த்து வார்டுக்குப் போன் செய்ய வேண்டும். பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட் மறுநாள் மாலை கேஸ் ஷீட்டில் சேரும் வரை நோயாளி காத்திருக்க மாட்டார்.

அதேபோல் டைஃபாய்டுக்கும் கல்ச்சர் எடுக்காமல் வைடால் டெஸ்டை மட்டும் நம்பி மருந்தெழுதுவதை நிறுத்த வேண்டும்.

தனியார் மருத்துவமனையில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு சேர்பவரிடம் கல்ச்சருக்கென்று தனியாகப் பணம் கேட்கக் கூடாது. பணம் கட்டச் சொன்னவுடன் குடும்பம் தயங்கும். கல்ச்சர் எடுக்காமலே ஊசி ஏறிவிடும்.

அடுத்தது ஆராய்ச்சி. இதில் எங்கள் ஆதங்கம் பெரிது. ரத்தத் தொற்றுக்கு எத்தனை நாள் மருந்து என்ற கேள்விக்கு, 7 நாடுகளில் 74 மருத்துவமனைகளில் 3,608 நோயாளிகளைச் சேர்த்து நடந்த பேலன்ஸ் ஆய்வு 2024இல் விடை சொன்னது. ஏழு நாள் கொடுத்தவர்களில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 14.5 சதவீதம், பதினான்கு நாள் கொடுத்தவர்களில் 16.1 சதவீதம். ஸ்டாஃபைலோகாக்கஸ் ஆரியஸ் தொற்று உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. அவர்களுக்கு மறுபடி கல்ச்சரும் எக்கோவும் நீண்ட சிகிச்சையும் வேண்டும். மற்றவர்களுக்கு ஏழு நாள் குறைகிறது என்றால் துணைக்கு உட்கார்ந்திருக்கும் கூலித் தொழிலாளிக்கு ஒரு வாரச் சம்பளம் மிஞ்சும். ஆனால் அந்த ஏழு நாடுகளில் இந்தியா இல்லை. செஃப்ட்ரியாக்சோனுக்கு அடங்காத ஈ.கோலை, கிளெப்சியெல்லாவுக்கு எந்த மருந்து என்று பார்த்த மெரினோ ஆய்வு 2018இல் வந்தது. பைபெராசிலின்-டாசோபாக்டம் கொடுத்தவர்களில் 12.3 சதவீதம் பேரும், மெரோபெனம் கொடுத்தவர்களில் 3.7 சதவீதம் பேரும் முப்பது நாளுக்குள் இறந்தார்கள். அதிலும் நாம் இல்லை. மெரோபெனத்துக்கே அடங்காத கிருமிதான் நம் ஐசியூக்களின் பெருங்கவலை.

இது இன்று முளைத்த கவலையும் அல்ல. மெரோபெனம் போன்ற மருந்துகளைச் செயலிழக்கச் செய்யும் என்டிஎம்-1 நொதி பற்றி 2010இல் வந்த முதல் பெரிய ஆய்வுக் கட்டுரையில் சென்னை நோயாளிகளின் கிருமிகள் இருந்தன; அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. 2012இல் நாட்டின் ஆன்டிபயாடிக் கொள்கைக்கு வழிகாட்டிய அறிக்கைக்குச் சென்னைப் பிரகடனம் என்றே பெயர். பிரச்சினையை உலகுக்குச் சொன்ன ஊரில் அதன் சிகிச்சைக்கான ஆய்வும் நடக்க வேண்டும். என்டிஎம் கிருமிக்கு அஸ்ட்ரியோனமும் செஃப்டாசிடிம்-அவிபாக்டமும் சேர்த்துக் கொடுக்கும் முறை இருக்கிறது, விலைதான் எட்டாக்கனி. அந்த மருந்துகளை அரசு வாங்கி, தொற்றுநோய் மருத்துவர் கையெழுத்தோடு மட்டும் வழங்கி, யார் பிழைத்தார், யார் இறந்தார் என்று பதிவுசெய்ய வேண்டும்.

பச்சிளங்குழந்தைகளுக்குத் தனி ஆய்வு வேண்டும். டெல்லியில் மூன்று பெரிய மருத்துவமனைகளில் 13,530 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில் அதிகம் கிடைத்த கிருமி அசினெட்டோபாக்டர். அதில் 82 சதவீதம் பல மருந்துகளுக்கு அடங்காதது. பிறந்து மூன்று நாளான குழந்தைக்கு முதலில் ஆம்பிசிலின்-ஜென்டாமைசின் தொடங்குவது எங்கள் மாவட்டங்களில் இன்னும் பலிக்கிறதா என்பதை எங்கள் மாவட்டக் குழந்தைகளின் கல்ச்சர்தான் சொல்ல முடியும்.

ஆய்வில் சேர்ப்பதாக இருந்தால் ஒப்புதல் படிவத்தை நல்ல தமிழில், அட்டெண்டருக்குப் புரியும்படி வாசித்துக் காட்டுங்கள். ஐசியூ வாசலில் நடு இரவில் கையெழுத்துப் போடுபவர், மறுநாள் யோசித்து விலகிக்கொள்ளலாம் என்பதையும், விலகினால் சிகிச்சை குறையாது என்பதையும் வாயால் சொல்லுங்கள். பாதிப்பு வந்தால் இழப்பீடு தர, மருந்து ஆய்வுகளுக்கான 2019 விதிகள் இடம் தருகின்றன. அது படிவத்தின் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஆய்வின் முடிவு, சாதகமோ பாதகமோ, கலந்துகொண்ட குடும்பங்களுக்குத் தெரிவிக்கப்பட வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, ரத்தத்தில் எந்தக் கிருமி எத்தனை பேருக்கு வந்தது, எந்த மருந்து கேட்டது என்ற பட்டியலை வெளியிட வேண்டும். பக்கத்துத் தாலுகாவில் இரவு டூட்டியில் நிற்கும் டாக்டருக்கு முதல் ஊசியைத் தேர்ந்தெடுக்க அதைவிடப் பெரிய உதவி இல்லை.

இவற்றில் எதற்கு எவ்வளவு நிதி, எந்த மாவட்டம் முதலில், யார் பொறுப்பு என்பதை வரும் மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாட்டிலுக்கும் இரவு லேப் டெக்னீஷியனுக்கும் அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போதுள்ள ஒதுக்கீட்டிலேயே தொடங்கலாம்.