சித்திரை விடுமுறையும் அம்மாயியின் பாட்டும்

சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பள்ளிப் பருவத்தில் மனனஞ் செய்தோம். மரங்கள் இலையுதிர்த்து நின்று பின் தளிர்க்கும் குளிர்நாட்டு வசந்தம் நம் கண்டி மலைகளுக்கு உரியதன்று. ஆயினும் பிற்பகல் இடிமழையோடு வருகின்ற சித்திரைக்கு இலங்கை மாணவர் உள்ளத்திலே தனியிடம் உண்டு. மலர்க்கண்காட்சியும் குதிரைப்பந்தயமும் நிகழும் அந்நாள்களை நுவரெலியாவில் வசந்தகாலம் என்றே அழைக்கின்றனர். கொழும்புக்கு வேலைக்குச் சென்றோர் புத்தாண்டுக்கென வீடு திரும்புவதும் அப்போதுதான்.

அலவத்துகொடவைச் சேர்ந்த மாணவர் ஒருவர் சென்ற கிழமை என் வீட்டுக்கு வந்தார். முன்னர் என்னிடம் தமிழ் கற்றவர். இப்பொழுது பேராதனைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு பயில்கின்றார். விடுமுறையை எவ்வாறு கழிக்கப்போகின்றீர் என்று கேட்டேன். கைப்பேசியிலே குறித்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். புத்தாண்டு வரையில் கண்டியில் ஒரு புடைவைக்கடையிலே வேலை. பின்னர் நண்பரோடு இரண்டு நாள் நுவரெலியா. எஞ்சிய நாள்களில் ஆங்கில வகுப்பு. அதற்கும் எஞ்சினால் உறக்கம்.

இளைஞரின் பொழுதுபோக்கைக் குறைகூறுதல் ஆசிரியர்க்கு எளிய தொழில். நான் அதனைச் செய்ய விரும்பவில்லை. கடைவேலை அவர் குடும்பத்துக்கு வேண்டும். ஆங்கிலம் அவருக்கு வேண்டும். இருபது வயதில் நுவரெலியாவும் வேண்டியதே. உறக்கத்தில் மாத்திரம் இரண்டு மாலைகளைக் கடனாகக் கேட்டேன். எதற்கு என்றார். தோட்டத்து லயத்தில் இருக்கின்ற உம்முடைய அம்மாயிக்கு என்றேன்.

அம்மாயிக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கொழுந்து பறித்தவர்; தாலாட்டும் கும்மியும் ஒப்பாரியும் அறிந்தவர். அவருடைய முன்னோர் தலைமன்னார்ப் பக்கம் கரையிறங்கிக் காட்டுவழியே நடந்து மாத்தளைக்கு வந்தவர்கள். மாத்தளையிலிருந்தே அத்தகைய கூட்டங்கள் கண்டி மலைகளுக்குப் பிரிந்து சென்றன. அந்நடையை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரையில் மக்கள் மீண்டும் நடந்தனர். தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வரும் அதே வீதிதான் அலவத்துகொடவையும் அக்குறணையையும் கடந்து கண்டிக்குச் செல்கின்றது. நாள்தோறும் அவ்வீதியில் பஸ்வண்டி ஏறுகின்ற மாணவர்க்கு இச்செய்தி புதிதாயிருந்தது. பாடநூலில் இல்லையே என்றார். அது அவர் பிழையன்று.

ஆனால் என் பிழை ஒன்றை நான் மறைத்தல் தகாது. இதே மாணவர் பள்ளிக்காலத்திலே ஒரு கட்டுரையில் "பெரட்டுக்களத்திலே பேர் போட்டார்கள்" என்று எழுதியிருந்தார். கொச்சையென்று சிவப்பு மையினாற் கோடிட்டேன். விடியற்காலையிலே தொழிலாளரை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கும் இடத்துக்குத் தோட்டத்து மக்கள் இட்ட பெயர் அது. அதற்கு நேரான சொல் என் நிகண்டில் இல்லை. கவ்வாத்து, துண்டு, பற்றுச்சீட்டு, தலைக்காசு என்பனவும் அத்தகையனவே. கோடிட்ட எனக்கு மாற்றுச் சொல் ஒன்றும் எழுதத் தெரியவில்லை என்பதை அன்றே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

இவற்றின் பெறுமதியை எமக்கு முன்னரே உணர்ந்தோர் இருந்தனர். 1947இல் தலவாக்கலையின் பாராளுமன்ற உறுப்பினராகத் தெரிவான சி. வி. வேலுப்பிள்ளை தோட்டத்து மக்களின் பாடல்களைத் தொகுத்தார். 1983இல் அவை 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என்னும் நூலாயின. மறுவாண்டு அவர் மறைந்தார். பேராதனையிலோ பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தினை மாணவரைக் கொண்டு மேடைக்குக் கொணர்ந்தார். 1962இல் 'கர்ணன் போர்' அரங்கேறிற்று. அதில் ஆடிய மாணவருள் ஒருவரே பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. அன்று கிராமத்து அண்ணாவியாரிடம் பல்கலைக்கழகம் கற்கச் சென்றது. மாசியிலே காமன் கூத்து ஆடி முடித்து ஓய்ந்திருக்கும் தோட்டத்து வாத்தியாரிடம் சித்திரையிலே ஒரு மாணவர் செல்லுதல் புதுமையன்று.

மாணவர் ஒரு தடை கூறினார். "ஐயா, பாடச் சொன்னால் அம்மாயி சிரிக்கின்றார். ஒப்பாரியை வீட்டில் வாய்விடக் கூடாதாம். அதுவும் வருடப்பிறப்பு நாளில்!" அம்மாயி கூறியது முறையே. ஒப்பாரி இருக்கட்டும் தம்பி, தாலாட்டிலே தொடங்கும் என்றேன். அதுவும் வாராதாயின் பாட்டையே கேளாமல், அந்நாளில் எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், மழையில் கொழுந்து எடுக்கும்போது தலைக்கு எதைப் போட்டீர்கள் என்று கேளும். பேச்சின் நடுவே பாட்டு தானே வரும். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்குச் சென்ற உறவினரைப் பற்றியும் கேளும்; ஆனால் கண் கலங்கினால் அவ்விடத்தில் நிறுத்திவிடும். கைப்பேசியிலே குரலைப் பதிவுசெய்யும். அம்மாயி ஒப்பினாலன்றி எவருக்கும் அனுப்பாதீர். பாடிய நாள், தோட்டத்தின் பெயர், அப்பாட்டை அவர் யாரிடம் கற்றார் என்பதைக் குறித்துக்கொள்ளும். சொல்லைக் கேட்டபடியே எழுதும்; இலக்கணத்துக்காக ஓரெழுத்தும் திருத்தாதீர்.

இறுதியிற் சொன்னதைக் கேட்டு அவர் என்னை ஐயத்தோடு பார்த்தார்.

காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, ஈண்டு எழுதுகின்றேன். என் அப்பாயியும் பாடுவார். அவர் இறுதியாண்டிலே நான் பண்டிதர் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறைக்கு வீடு வந்தால் அறைக் கதவை அடைத்துக்கொண்டு நூற்பாக்களை உருப்போடுவேன். திண்ணையிலிருந்து வரும் பாட்டு இடையூறாயிருக்கின்றதென்று ஒருநாள் சொல்லியும் விட்டேன். அதன்பின் அவர் மெல்லிய குரலிலேயே பாடினார். பரீட்சையில் தேறினேன். நூற்பாக்கள் இன்றும் நினைவில் உள்ளன. அப்பாயியின் பாட்டிலே ஓரடியும் நினைவில்லை. அதனைக் கேட்டுப் பெறுவதற்கு உறவினருள் இன்று ஒருவரும் இலர்.

மாணவர் இரண்டு மாலைகளுக்கு உடன்பட்டுள்ளார். பல்கலைக்கழகம் மீண்டும் தொடங்குமுன் குறிப்பேட்டை எனக்குக் காட்டுவதாகச் சொன்னார். எழுத்துப்பிழை பார்க்கமாட்டேன் என்று நானும் வாக்குக் கொடுத்திருக்கின்றேன்.