மூடிய அறையில் கரிநெருப்பு

மார்கழி பிறந்துவிட்டது. சமவெளியில் வாழ்வோர்க்கு இது குடில் கட்டுவதற்கும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போர்த்திக்கொண்டு போவதற்கும் ஏற்ற இனிய குளிர். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வாழும் நம் வாசகர்களுக்கோ நிலைமை வேறு. உதகையில் காந்தல், தலைகுந்தா போன்ற தாழ்ந்த பகுதிகளில், விடியற்காலையில் புல்வெளியெங்கும் உப்பைக் கொட்டினாற்போல் உறைபனி படிந்து கிடக்கும். தை மாதத்தில் சில நாள்களில் வெப்பமானி சுழியத்திற்கும் கீழே இறங்குவதுண்டு. வானம் மேகமின்றித் தெளிந்திருக்கும் இரவுகளே இவ்வாறு மிகக் கொடியவை. பகலெல்லாம் நிலம் வாங்கிய வெப்பத்தைத் தடுத்து நிறுத்த மேலே போர்வை எதுவும் இராது.

இம்மாதம் அக்குளிரைப் பற்றி, இன்னும் சரியாகச் சொன்னால், அக்குளிருக்கு அஞ்சி நாம் வீட்டிற்குள் கொண்டுவந்து வைக்கும் நெருப்பைப் பற்றி எழுத விரும்புகிறோம். என்றோ எழுதியிருக்க வேண்டியதைத் தாமதித்து எழுதுகிறோம் என்ற உறுத்தலும் நமக்கு உண்டு. அதன் காரணத்தை முதலில் கூறிவிடுகிறோம்.

நாம் நீலகிரியில் மலைப் பங்கு ஒன்றில் உதவிக் குருவாய் இருந்த காலம். ஒரு தை மாத விடியலில், திருப்பலிக்கு முன்னர், உபதேசியார் வந்து கதவைத் தட்டினார். தேயிலைத் தோட்டத்து லயனில் கடைசி வீடு; அங்கிருந்த முதியவர் பேச்சுமூச்சின்றிக் கிடப்பதாகச் சொன்னார். இலங்கையில் பிறந்து, 1964-ம் ஆண்டு ஒப்பந்தத்திற்குப் பின் தாயகம் திரும்பி, இங்கே கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியுமாய் வாழ்ந்து ஓய்ந்தவர் அவர். பூசுதலுக்குரிய எண்ணெயுடன் ஓடினோம். உயிர் பிரிந்து நெடுநேரம் ஆகியிருந்தது. முகம் வெளிறவில்லை, நன்றாக உறங்குகிறவர்போல் சிவந்தே இருந்தது. அவருடைய மனைவி தலையைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாய்ச் சாய்ந்திருந்தார். இரவில் இரண்டு முறை வாந்தி எடுத்தாராம். எழுந்து நிற்கக் கால்களில் வலுவில்லை. அறை நடுவே, பழைய எண்ணெய் டின்னை வெட்டிச் செய்த கணப்பு, அதில் சாம்பல். சன்னல் இடுக்கிலும் கதவின் அடியிலும் சாக்குத் துணி நன்றாகத் திணிக்கப்பட்டிருந்தது.

“அவருக்குக் குளிரு தாங்காதே சாமி, அதனாலேதான் கரியை நிறையப் போட்டு வச்சேன். அப்படியும் குளிரு கொண்டுபோயிடுச்சே” என்று அவ்வம்மையார் அழுதார். கூடியிருந்தவர்களும் குளிரைத்தான் பழித்தார்கள். நமக்கு மட்டும் அந்தச் சிவந்த முகமும், அந்தத் தலைவலியும், அந்த டின்னும் வேறொன்றைச் சொல்லின. ஆனால், கணவன்மீது கொண்ட அன்பினால் கரியை அள்ளிப் போட்ட கையிடம் அதை எப்படிச் சொல்வது? நாம் வாய் திறக்கவில்லை. அதனை இரக்கம் என்றே அன்று எண்ணினோம். குளிரால் இறந்தவர் என்று சொல்லியே அடக்கம் செய்தோம்.

மறு ஆண்டு, மூன்று இராசாக்கள் திருநாளையொட்டி வீடுகளை மந்திரிக்கச் சென்றபோது, அதே அம்மையாரை அடுத்த லயனில் அவருடைய மகள் வீட்டில் கண்டோம். மகளுக்குப் பிள்ளை பிறந்து இருபது நாள் ஆகியிருந்தது. பிள்ளைப்பேற்று அறையில் காற்றுப் படலாகாது என்று எல்லாம் இறுக மூடியிருந்தன. மூலையில் அதே எண்ணெய் டின்; கங்கு கனிந்துகொண்டிருந்தது. நாம் முதலில் சன்னலைத் திறந்தோம். பின்னர், ஓராண்டு முன்னமே சொல்லியிருக்க வேண்டியதைச் சொன்னோம். அதனையே இங்கே சற்று விரித்து எழுதுகிறோம்.

விறகு எரிந்தால் புகை எழும், கண் கரிக்கும், இருமல் வரும், யாராயினும் எழுந்து கதவைத் திறப்பார்கள். விறகின் புகை ஒரு வகையில் நமக்குக் காவல்காரன் எனலாம். கரிக்கு அந்தக் காவல் இல்லை. புகை அடங்கிக் கங்கு சிவந்த பின்னரே அதனை உள்ளே கொண்டுவர வேண்டும் என்பது மலைவீடுகளில் வழிவழியாக வந்த பாடம். அப்பாடம் பாதிதான் சரி. கண்ணுக்குத் தெரிந்த புகைதான் அடங்கிற்று. தெரியாத ஒன்று எழுந்துகொண்டே இருக்கிறது. அதற்குக் கார்பன் மோனாக்சைடு என்று பெயர். நாம் மூச்சில் வெளிவிடும் கரியமில வாயு அன்று இது. நிறமில்லை, மணமில்லை, தொண்டையை உறுத்துவதும் இல்லை. கரி எரியப் போதிய காற்று இல்லாதபோது இது மிகுதியாகப் பிறக்கிறது. ஆகவே, அறையை எவ்வளவு இறுக மூடுகிறோமோ, கங்கின்மேல் சாம்பல் எவ்வளவு மூடுகிறதோ, அவ்வளவுக்கு இந்நஞ்சு பெருகும்.

இது செய்யும் வேலையை 1850-களிலேயே பிரான்சு நாட்டு அறிஞர் கிளாட் பெர்னார்ட் கண்டறிந்தார். நம் இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமந்து செல்வது ஈமோகுளோபின் என்னும் சிவப்புப் பொருள். அது பிராணவாயுவைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையுடன் கார்பன் மோனாக்சைடைப் பற்றிக்கொள்ளும், எளிதில் விடாது. நெஞ்சு ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மூளைக்கும் இதயத்திற்கும் போய்ச்சேர வேண்டியது போய்ச்சேராது. முதலில் தலைவலி, மயக்கம், வாந்தி. பின்னர் அறிவு குழம்பிக் கால்கள் தளரும். உறங்குகிறவர் இவற்றில் எதனையும் உணராமலேயே போய்விடக்கூடும். விழித்திருப்பவரும் கதவைத் திறக்க வேண்டும் என்று எண்ணுவதற்குள் எழும் ஆற்றலை இழந்துவிடுவார்.

ஏழை லயன்களில் மட்டும் நேரும் துன்பம் என்று இதனை எண்ண வேண்டாம். 1902 செப்டம்பரில், பாரிஸ் மாநகரில், புகழின் உச்சியில் இருந்த நாவலாசிரியர் எமில் சோலா படுக்கையறைக் கணப்பின் நச்சுக்காற்றால் இரவோடு இரவாக இறந்தார். உடனிருந்த மனைவி பிழைத்தார். (அவருடைய நூல்களை நம் திருச்சபை விலக்கி வைத்திருந்தது வேறு செய்தி.) 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தைப் பனிப்புயல் தாக்கி, நாற்பது இலட்சத்திற்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் நின்றபோது, இறைச்சி வாட்டும் கரியடுப்பை வீட்டிற்குள் மூட்டியவர்களும், கொட்டகைக்குள் காரை ஓடவிட்டு அதன் வெப்பத்தை நாடியவர்களும் இதே நஞ்சுக்கு இரையாயினர். நம் மலைகளுக்கு விடுமுறைக்கு வருவோர் இரவில் இறைச்சி வாட்டிவிட்டு, மீந்த கங்கை வீணாக்குவானேன் என்று விடுதி அறைக்குள்ளோ கூடாரத்திற்குள்ளோ கொண்டுபோவதும் நாம் கேள்விப்படாததன்று. சமவெளி வாசகர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

புனித அருளப்பர் தம் நற்செய்தியின் 18-ம் அதிகாரத்தில், இராயப்பர் குளிர்காய்ந்த இரவைக் கூறுமிடத்து, ஊழியர் மூட்டியது கரிநெருப்பு என்றே குறிப்பிடுகிறார். எருசலேம் ஏறத்தாழ 750 மீட்டர் உயரத்தில் அமைந்த மலைநகர். பாஸ்காக் காலத்திலும் அங்கே இரவு குளிரும். ஆனால் அந்நெருப்பு எரிந்தது முற்றத்தில். உயிர்த்த ஆண்டவர் சீடர்களுக்காக மூட்டி வைத்திருந்த கரிநெருப்பும் கடற்கரையில், திறந்த வானத்தின் கீழ்தான். வேத விளக்கமாக நாம் இதனைச் சொல்லவில்லை. கரிநெருப்புக்கு உரிய இடம் எது என்பதைச் சிறுவர்களுக்கு நினைவில் நிறுத்த இதைவிட எளிய வழி நமக்குத் தோன்றவில்லை.

அறையில் ஒரு வாளித் தண்ணீர் வைத்தால் நச்சுக்காற்றை அது இழுத்துக்கொள்ளும் என்று சொல்வோர் உண்டு. இழுத்துக்கொள்ளாது, இவ்வாயு நீரில் கரைவது மிகச் சொற்பம். படுக்கப் போகுமுன் கணப்பை மூலைக்குத் தள்ளிவிட்டோம், நெருப்பு அணைந்துவிட்டது என்பாரும் உளர். சாம்பலுக்கடியில் கங்கு பல மணிநேரம் உயிரோடிருக்கும். குளிர்காய வேண்டுமானால் திண்ணையிலோ வாசலிலோ காய்ந்து, அங்கேயே விட்டுவிட்டு உள்ளே வாருங்கள். குளியலறையில் கேஸ் கீசர் வைத்திருப்போர்க்கும் இதே எச்சரிக்கை: காற்றுப் போக வழியில்லாத சிறு அறையில் அது எரிந்தால் அங்கும் இதே வாயுதான். கீசர் வெளியே, குழாய் மட்டும் உள்ளே என்று அமைத்துக்கொள்வது நலம். வசதியுள்ளோர் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றை வாங்கிப் படுக்கையறைக்கருகில் மாட்டலாம்.

ஒரே வீட்டில் பலருக்கும் ஒரே இரவில் தலைவலி, குமட்டல். வெளியே போனால் தேறுகிறது. இவ்வாறு இருந்தால் சமைத்த உணவின்மேல் பழியைப் போட்டுவிட்டு மீண்டும் படுத்துவிடாதீர்கள். கதவு, சன்னல்களைத் திறந்து, அனைவரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 108-ஐ அழைக்க வேண்டும். கரியடுப்பு எரிந்தது என்பதை மருத்துவரிடம் மறவாமல் கூற வேண்டும். அவர் கொடுக்கும் தூய பிராணவாயுதான் இதற்கு மருந்து. கருவுற்ற தாய் தேறிவிட்டதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போகவே வேண்டும். வயிற்றிலுள்ள சிசுவை இந்நஞ்சு தாயைவிடக் கடுமையாய்த் தாக்கும். இன்னும் ஒன்று. 2020-ல் கொரோனா நோய் பரவியபோது பலரும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் கருவியை வாங்கி வைத்தோம். இங்கே அதனை நம்பலாகாது. அச்சாதாரணக் கருவிக்கு இரண்டு வாயுக்களையும் பிரித்தறியத் தெரியாது. உயிர் ஊசலாடும்போதும் அது 98 என்று காட்டக்கூடும்.

அப்படியானால் குளிரில் விறைத்துச் சாவதா என்று கேட்பீர்கள். குளிர் கொல்லாது என்று நாம் கூறவில்லை. டெக்சஸ் மாநிலத்தில் அப்புயலால் இறந்தோராக அரசு கணக்கிட்ட 246 பேரில் பெரும்பாலோரைக் கொன்றது குளிரேதான். சன்னலை அகலத் திறந்துவைத்து உறங்குங்கள் என்பதும் நம் கருத்தன்று. நெருப்பு இல்லாத அறையை மூடிக்கொண்டு உறங்குவதில் இந்த நஞ்சுக்கு இடமில்லை. அறையைச் சூடாக்குவதைவிட ஆளைச் சூடாக்குவது எளிது, செலவும் குறைவு. ஒரே தடித்த கம்பளியைவிட, ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்த இரண்டு மூன்று மெல்லிய உடைகள் உடலின் வெப்பத்தை நன்கு காக்கும். தலைக்குக் குல்லாய், காலுக்குக் காலுறை. வெறுந்தரையில் பாய் மட்டும் போதாது. அட்டையோ சாக்கோ விரித்து அதன்மேல் பாய். கட்டிலை வெளிச்சுவரைவிட்டு ஓர் அடி தள்ளிப் போடுங்கள். பகலில் வெயில் உள்ளே வரட்டும். பொழுது சாயுமுன் சன்னலை மூடுங்கள். கடுங்குளிர் நாள்களில் குடும்பம் முழுவதும் ஓர் அறையில் படுப்பது நல்லது. செபமாலையையும் அங்கேயே சொல்லி முடிக்கலாம்.

வெந்நீர்ப் பையை உறைபோட்டே வையுங்கள். நீரிழிவு நோயாளிகளின் கால்களுக்கு அது கூடவே கூடாது; சுடுவது அவர்களுக்குத் தெரியாது. மின்சார ஹீட்டர் வைத்திருப்போர் படுக்கையும் திரைச்சீலையும் அதனை நெருங்காதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். குளிருக்கு இதமென்று மதுவை நாடுவோர்க்கு ஒரு சொல்: தோலில் இரத்தம் பாய்ந்து சூடேறினாற்போல் தோன்றும், உண்மையில் உள்வெப்பம் அவ்வழியே வெளியேறுகிறது. முதியவர் ஒருவர் நடுங்குவதை நிறுத்திவிட்டுப் பேச்சுக் குழறினால், குளிர் விட்டது என்று மகிழ வேண்டாம். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே போயிருக்கலாம். போர்வையால் நன்கு மூடி, விழிப்போடிருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுத்து, மருத்துவ உதவி தேட வேண்டும்.

பிறந்த குழந்தைக்கு? 1978-ல் கொலம்பியா நாட்டுப் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் கருவிகள் போதாமல் தவித்த மருத்துவர் எட்கர் ரே, குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்போடு அணைத்துக் கட்டிவைக்கச் சொன்னார். இன்று உலகெங்கும் கங்காரு முறை என்று போற்றப்படுவது அதுதான். தாயின் மார்பு, அதன்மேல் போர்வை, குழந்தையின் தலைக்கு ஒரு குல்லாய். முகம் மட்டும் வெளியே தெரிய வேண்டும்.

அந்த மகளுக்கும் அன்று இதையே காட்டினோம். அம்மையார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நெடுநேரம் பேசாமலிருந்தார்.

“அப்போ அவரு குளிருலே சாகலியா, சாமி?”

“இல்லை, அம்மா.”

அவர் எழுந்தார். முந்தானையால் பிடித்து அந்த டின்னைத் தூக்கிக்கொண்டுபோய், வாசலுக்கு அப்பால் தேயிலைச் செடியோரம் கொட்டித் தண்ணீர் ஊற்றினார். திரும்பி வந்து, சென்ற ஆண்டே சொல்லியிருக்கலாமே என்று நம்மைக் கேட்பார் என எதிர்பார்த்தோம், அவர் கேட்கவில்லை. லயனில் இன்னும் நான்கு வீடுகளில் இப்படித்தான் வைக்கிறார்கள், தாம் சொன்னால் கேட்கமாட்டார்கள், ஞாயிறு பிரசங்கத்தில் சாமியே சொல்ல வேண்டும் என்றார். சொல்கிறோம், ஆனால் எப்படித் தெரியும் என்று கேட்பார்களே என்றோம்.

“எங்க வீட்டுலே நடந்ததுன்னு பேரைச் சொல்லியே சொல்லுங்க, சாமி” என்றார்.