மூன்று வீட்டு மாத்திரை

2020 ஏப்ரல் கொரோனா ஊரடங்கில் எங்கள் தெருவைப்போல ஒற்றுமையான தெரு சுற்றுவட்டாரத்திலேயே கிடையாது என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். வேலையில்லாத வீடுகளுக்கு அரிசியும் பருப்பும் கட்டிக் கொடுத்தோம். காலையில் அண்டா நிறையக் கபசுரக் குடிநீர். யார் வீட்டில் இருமல் என்பது ராத்திரி ஒன்பது மணிக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

அதே தெருவில்தான் ஸ்கூல் வேன் ஓட்டுகிற அண்ணனும் இருந்தார். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடம் மூடியது. அவர் வண்டியில் ஏறுகிற வாண்டுகளுக்கு மறுபடி கதவு திறந்தது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. 19 மாதத்துக்கு மேல். வேனுக்குத் தவணை பாக்கி இருந்தது. ஆகஸ்ட் வரை ஆறு மாதம் கட்டாமல் இருக்கலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வட்டி மட்டும் ஓயாமல் ஏறியது. இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்கு அத்துபடி. டீக்கடை திறந்ததும் அதைத்தான் பேசினோம்.

அவர் எங்களிடம் மனசு சரியில்லை என்று வந்து நிற்கவில்லை. "நெஞ்சு படபடன்னு அடிக்குதுங்க" என்றார். ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள், நன்றாக இருந்தது. "அப்பறம் என்னங்க, ஒண்ணுமில்ல" என்று நாங்களே தீர்ப்புச் சொல்லி அனுப்பினோம். பிடரி வலி, வயிற்றுப் பொருமல், கைகால் ஓய்ச்சல் என்று மனசின் நோய் உடம்பு வழியாகவும் பேசும். எங்களுக்குக் கேட்கவில்லை. ஓடாத வண்டியை விடிகாலை மூன்று மணிக்குக் கழுவுவார். சத்தத்தில் விழித்துப் புரண்டு படுத்தோம். தண்ணீர் வீணாகிறது என்று தெரு வாட்ஸப்பில் ஒருவர் போட்டார். அதற்கு ஏழெட்டுக் கட்டைவிரல்.

யோசனைக்குப் பஞ்சமே இல்லை. வேப்பிலை அடித்து மந்திரித்தோம். பஸ் ஓடட்டும், குணசீலம் கோயிலுக்குப் போய்வரலாம் என்றார்கள் பெரியவர்கள். "தைரியமா இருங்க, உங்களுக்கென்ன குறை?" என்றோம், தவணைக் கணக்கை மனப்பாடமாக வைத்திருந்த நாங்களே. ஒருநாள் அவர், "இருந்து என்ன பண்றதுன்னு தோணுதுங்க" என்றார். எங்களில் விவரமான ஒருவர், "டாக்டர்கிட்ட இதையெல்லாம் சொல்லிராதீங்க, போலீஸ் கேஸாயிரும்" என்று எச்சரித்தார். அப்படித் தோன்றுவதைச் சொன்னால் எந்தக் காலத்திலும் வழக்குக் கிடையாது. தற்கொலைக்கு முயன்றவரைக்கூடக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்கிறது 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம். விவரமானவர் அதைப் படித்திருக்கவில்லை. நாங்களும்தான்.

மனநோய் என்றாலே எங்களுக்கு இரண்டே ஊர். கேலிக்குக் கீழ்ப்பாக்கம், பயத்துக்கு ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில் கொட்டகை தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகிப்போனார்கள். அந்தப் படத்தை நெஞ்சில் வைத்துக்கொண்டு, படபடப்புக்கு வைத்தியம் கேட்டு வந்தவரிடம் மனநல டாக்டர் என்று எப்படி வாயெடுப்பது? பைத்தியம் என்று சொன்னதாக ஆகிவிடாதா? அப்படித்தான் சமாதானம் செய்துகொண்டோம்.

ஆனால் நாங்கள் எல்லோருமே தெரியாதவர்கள் அல்ல. இங்கேதான் எனக்குப் பேனா தயங்குகிறது. 2017 முதல் மாவட்டத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவன் நான். கடைசி வீட்டு வாத்தியாரை அந்த வராந்தாவில் ஒருமுறை பார்த்தேன். இருவரும் ஒரே சமயத்தில் செல்போனை எடுத்துக் குனிந்துகொண்டோம். பால்காரம்மா மகளும் அங்கேதான் போகிறாள் என்று பின்னால் தெரிந்தது. ஒரே தெருவில் மூன்று வீடு.

ஓ.பி. சீட்டு எந்த ஜன்னலில் போடுவது, மாத்திரைக்குக் காசில்லை, முதல் வாரம் வயிறு புரட்டும், பலன் தெரிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும், தேறிவிட்டது என்று நாமாக நிறுத்தக் கூடாது: எங்களில் ஒருவர் சொல்லியிருந்தால் பத்து நிமிடப் பேச்சு. சர்க்கரை மாத்திரையின் பெயரைத் திண்ணையில் உரக்கப் பேசுகிறவர்கள் இதை மட்டும் பீரோவில் துணிக்கு அடியில் வைத்திருந்தோம்.

2021 பிப்ரவரியில் ஒரு ராத்திரி அவர் விளக்குப் போடாமல் வேனுக்குள் உட்கார்ந்திருந்ததைக் கண்டு பயந்துபோன அவர் வீட்டு அக்கா, 104-க்குப் போன் போட்டார். அந்த எண் கொரோனா சந்தேகம் கேட்பதற்காக எங்கள் குரூப்பில் நாங்களே போட்டது. மனசுக்கும் அதில் பேசலாம் என்று நாங்கள் எழுதவில்லை. அக்காவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். 2022 அக்டோபரிலிருந்து மனசுக்கென்றே 14416 என்ற எண் இருக்கிறது. எங்கள் குரூப்பில் இன்னும் வரவில்லை.

அண்ணன் தேறிவிட்டார், வேன் ஓடுகிறது. போன மாதம் மாத்திரை வரிசையில் எனக்கு நாலு பேருக்கு முன்னால் நின்றிருந்தார். திரும்பினார், பார்த்தார். எனக்குச் சங்கடம் வரக் கூடாதென்று அவர்தான் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.