கின்னி மாஹிக்கு முதல் மைக்கைக் கொடுத்தது யார்?

பஞ்சாபின் ஜலந்தரில் ஏழெட்டு வயதில் பாட வந்த ஒரு தலித் சிறுமி, இருபது வயதை எட்டும் முன்பே பஞ்சாபி பாப் இசையின் நட்சத்திரமானார். கின்னி மாஹியின் இந்த வளர்ச்சியைத் தனிப்பட்ட ஒருவரின் அதிசயமாகவே ஊடகங்கள் எழுதின. அவருடைய திறமையை நாம் மறுக்கவில்லை. அந்தத் திறமைக்கு முதலில் மைக் கொடுத்தது யார் என்பதுதான் நம் கேள்வி.

கொடுத்தவர்கள் சேரி மக்கள். குரு ரவிதாஸ் பிறந்தநாள் விழாக்களிலும், ஏப்ரல் 14 அம்பேத்கர் விழாக்களிலும் அவர்கள் போட்ட மேடைகளில்தான் கின்னி வளர்ந்தார். 1920களில் மங்கு ராம் முன்னின்று நடத்திய ஆதி தர்ம இயக்கம் தொடங்கி, பஞ்சாப் தலித்துகள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிய தன்மான மரபு அது. பக்திப் பாடல்களில் தொடங்கிய சிறுமி, அண்ணல் அம்பேத்கரையும் அரசியல் சட்டத்தையும் பாப் மெட்டில் பாடும் கலைஞரானது அந்த மண்ணில்தான்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி பஞ்சாபில் தலித்துகள் ஏறத்தாழ 32 சதவிகிதம். இந்திய மாநிலங்களிலேயே இதுதான் அதிகம். ஆனால் நிலம் பெரும்பாலும் ஜாட்டுகளின் கையில். பாட்டும் அப்படியே: ஜாட் பெருமை, நிலம், துப்பாக்கி. நம்மூர் 'ஆண்ட பரம்பரை' பாட்டுகளைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அவற்றைப் பாடுகிறவர் வெறும் 'பஞ்சாபிப் பாடகர்'. கின்னி மட்டும் 'தலித் பாடகி'!

கல்லூரியில் உடன் படித்த ஒருவர் கின்னியின் சாதியைக் கேட்டார். தெரிந்ததும், சமார்கள் ஆபத்தானவர்கள் என்றார். அந்தச் சொல்லையே எடுத்து 'டேஞ்சர் சமார்' என்று பாடினார் கின்னி.

சாதிப் பெயரைப் பெருமையாகப் பாடினால் சாதி வளராதா என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆதிக்கசாதிப் பெருமைக்குக் காலடியில் ஒருவன் கிடக்க வேண்டும். வசவாக எறியப்பட்ட பெயரை நிமிர்ந்து நின்று சொல்வதற்கு யாரையும் மிதிக்க வேண்டியதில்லை. அதற்காக அதுவே சாதி ஒழிப்பு ஆகிவிடாது. கூனிக் குறுகி நிற்கிறவர்களால் சாதியை ஒழிக்கவும் முடியாது என்பதால், அந்த நிமிர்வு நமக்குத் தேவை.

மாணவத் தோழர்களே, கின்னியின் காணொளியைப் பகிர்வதோடு நம் வேலை முடிந்துவிடவில்லை. நம் பகுதியில் பாடும், பறையடிக்கும் பிள்ளைகளை அடுத்த ஏப்ரல் 14 மேடையில் ஏற்றுவோம். 'கொள்கைக்காகத்தானே' என்று சால்வை மட்டும் போர்த்தி அனுப்பாமல், உரிய சம்பளத்தைக் கையில் கொடுப்போம். நள்ளிரவு வரை நிகழ்ச்சி நடத்தி மறுநாள் பள்ளியைக் கெடுக்காமல் இருப்போம். கின்னி பாடிக்கொண்டேதான் கல்லூரியில் இசையும் படித்தார். கற்பி என்று சொன்னவரின் விழாவில் ஒரு பிள்ளையின் படிப்பு பாழாகக் கூடாது.

ஜெய்பீம்!