மணிலாவின் குழாய்களுக்குள் நடந்த சோதனை

நீர், மின்சாரம், நெடுஞ்சாலை போன்ற அடிப்படை வசதிகளைத் தனியாரிடம் கொடுக்கலாமா, கூடாதா? பள்ளிப் பட்டிமன்றங்களில் இந்தத் தலைப்பு எப்படியாவது வந்துவிடுகிறது. ஓர் அணி அரசாங்க அலுவலகங்களின் மெத்தனத்தை விளாசும். எதிரணி முதலாளிகளின் பேராசையைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் தொடக்கப்பள்ளியிலேயே தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று படித்துவிட்டு வந்தோமே, அந்த ஒழுங்கு மட்டும் மேடையில் காணாமல் போய்விடுகிறது. ஒரு நாட்டில் தனியார் வந்தபின் நிலைமை மாறியது என்றால், மாறியது உரிமையாளர் மட்டும்தானா? வேறு எவையெல்லாம் கூடவே மாறின? அதை யாரும் கேட்பதில்லை.

இதைக் கேட்பதற்கு ஏற்ற ஊர் ஒன்று நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலா. 1997ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் தேதி, அந்நகரின் குடிநீர் விநியோகம் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, கிழக்குப் பகுதி ஒரு தனியார் நிறுவனத்திடமும் மேற்குப் பகுதி இன்னொரு தனியார் நிறுவனத்திடமும் 25 ஆண்டு ஒப்பந்தத்தில் ஒப்படைக்கப்பட்டது. ஒரே நகரம், ஒரே நாள், ஒரே மாதிரி ஒப்பந்தம். இரண்டு பகுதிக்கும் நீரில் பெரும்பங்கு ஒரே அங்காட் அணையிலிருந்து. பொருளாதாரத்தில் இவ்வளவு நெருக்கமான சோதனை அமைவது அபூர்வம்.

முதலில் அந்நகரத்தின் நோய் என்னவென்று பார்ப்போம். சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து 100 லிட்டர் நீர் புறப்பட்டால், அதில் ஏறத்தாழ 60 லிட்டருக்குக் கட்டணம் வரவில்லை. ஒரு பகுதி உடைந்த குழாய்களில் கசிந்து மண்ணுக்குள் போனது. ஒரு பகுதி திருட்டு இணைப்புகளில் போனது. மிச்சம் ஓடாத மீட்டர்களின் கணக்கில் மறைந்தது. இதை ‘வருமானம் தராத நீர்’ என்பார்கள். நம் நாட்டுச் செய்திகளிலும் இந்தச் சொல் அடிக்கடி வரும்.

ஒரு சின்ன ஓட்டையில் என்ன போய்விடப் போகிறது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயிலுள்ள அழுத்தம் 20 மீட்டர் உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டையிலிருந்து நீர் பீறிடும் வேகத்துக்கு டொரிசெல்லி வழி சொல்லியிருக்கிறார். உயரத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, இரட்டிப்பாக்கி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். விடை வினாடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர். ஓட்டையின் விட்டம் வெறும் 5 மில்லிமீட்டர் என்றாலும், நீர்த்தாரை சுருங்குவதையும் கழித்துவிட்டுப் பார்த்தால், நிமிடத்துக்கு 14 லிட்டர் வெளியேறும். ஒரு நாளில் 20,000 லிட்டர். ஒருவருக்கு நாளொன்றுக்கு 200 லிட்டர் என்றால், இது 100 பேருக்குரிய நீர். ஒரு பென்சில் நுழையாத ஓட்டை, 100 பேரின் குளியலையும் சமையலையும் குடித்துவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். நீர் பற்றாக்குறையால் சில மணி நேரம் மட்டுமே விநியோகம் செய்தால், மீதி நேரத்தில் குழாயினுள் அழுத்தம் விழுந்துவிடும். அப்போது அதே ஓட்டை திசை மாறி வேலை செய்யும். மண்ணிலும் சாக்கடையிலும் உள்ள அழுக்கு நீர் உள்ளே நுழையும். எனவே கசிவு என்பது பணப் பிரச்சினை மட்டும் அல்ல, வயிற்றுப்போக்குப் பிரச்சினையும்தான். தனியார்மய விவாதங்களில் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இதைப் பேசுவதே இல்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

ஏலம் எப்படி நடந்தது என்று பாருங்கள். அப்போது நீர்க்கட்டணம் ஒரு கனமீட்டருக்கு 8.78 பெசோ. யார் இதைவிட மிகக் குறைவாகக் கேட்கிறார்களோ அவர்களுக்கே ஒப்பந்தம். கிழக்குப் பகுதிக்கு ‘மணிலா வாட்டர்’ 2.32 பெசோவுக்கு வென்றது. மேற்குப் பகுதி 4.97 பெசோ கேட்ட ‘மேனிலாட்’டுக்குப் போனது. உண்மையில் மணிலா வாட்டர் குழுவினரே இரண்டு பகுதிக்கும் மிகக் குறைவாகக் கேட்டிருந்தார்கள். ஒருவரே இரண்டையும் எடுக்கக் கூடாது என்ற விதி இருந்ததால் மேற்கு கைமாறியது. அந்த விதிதான் நமக்கு ஒப்பிட இரண்டு நிறுவனங்களைத் தந்தது.

கிழக்கில் நடந்தது எனக்குப் பிடித்த பகுதி. பெரிய பகுதியைச் சிறுசிறு வட்டாரங்களாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு வட்டாரத்தின் நுழைவாயிலிலும் மீட்டர் பொருத்தினார்கள். அந்த வட்டாரத்தைப் பார்த்துக்கொள்ள ஒரு சிறு குழுவை அமர்த்தி, அதன் கணக்கை அந்தக் குழுவின் பொறுப்பில் விட்டார்கள். உள்ளே போன நீர் இவ்வளவு, வீட்டு மீட்டர்களில் பதிவானது இவ்வளவு, வித்தியாசம் எங்கே? இப்படி வட்டாரம் வட்டாரமாக அளந்தால் கசிவு ஒளிந்துகொள்ள முடியாது. இதற்குப் பொறியாளர்கள் பயன்படுத்தும் எளிய உத்தி ஒன்று உண்டு. அதிகாலை 2 மணிக்கும் 4 மணிக்கும் இடையே ஊரே தூங்குகிறது. அந்த நேரத்திலும் மீட்டர் வேகமாக ஓடினால், குடிப்பது மனிதர்கள் இல்லை, மண்.

குடிசைப் பகுதிகளில் செய்த ஏற்பாடும் கெட்டிக்காரத்தனமானது. பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரு ‘தாய் மீட்டர்’ வைத்தார்கள். அதன் கட்டணத்தை அக்கம்பக்கத்தார் பகிர்ந்துகொள்ள வேண்டும். யாராவது திருட்டுத்தனமாகக் குழாய் இழுத்தால் நட்டம் நிறுவனத்துக்கு இல்லை, பக்கத்து வீட்டுக்காரருக்கு. காவலுக்கு ஆளே தேவைப்படவில்லை. ஏழைகளின் மீது பாரத்தைத் தள்ளிவிட்டார்கள் என்று இதைக் குறை சொல்வோரும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதற்கு முன் அந்த மக்கள் தள்ளுவண்டிக்காரரிடம் பல மடங்கு விலைக்கு நீர் வாங்கிக் கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

விளைவு என்ன? 1997இல் 63 விழுக்காடாக இருந்த இழப்பு 2010ஆம் ஆண்டு வாக்கில் ஏறத்தாழ 11 விழுக்காடாகக் குறைந்தது. நீர் பெற்ற மக்கள் தொகை 3 மில்லியனிலிருந்து 6 மில்லியனாக உயர்ந்தது. கட்டணமும் ஏறியது. ஏலத்தில் 2.32 பெசோவாக இருந்தது, 15 ஆண்டுகளில் 20 பெசோவைத் தாண்டிவிட்டது. பணவீக்கத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஏலத்தில் கேட்ட அந்த விலை நிலைக்கக்கூடிய விலையாக இருக்கவில்லை.

மேற்கில் என்ன ஆனது? இங்கேதான் பட்டிமன்றத்தின் இரண்டு அணிகளும் தடுமாறும். அங்கே இருந்ததும் தனியார்தான். ஆனால் 2006 வாக்கில்கூட மூன்றில் இரண்டு பங்கு நீர் வருமானம் தராமல் போய்க்கொண்டிருந்தது. பழைய அரசு நிறுவனம் வெளிநாடுகளில் வாங்கியிருந்த கடனில் 90 விழுக்காட்டை மேற்குப் பகுதியின் தலையில் கட்டியிருந்தார்கள். கிழக்குக்கு 10 விழுக்காடுதான். ஒப்பந்தம் கைமாறுவதற்குச் சில வாரங்களுக்கு முன் ஆசிய நாணய நெருக்கடி தொடங்கிவிட்டது. டாலருக்கு 26 பெசோவாக இருந்தது 1998 தொடக்கத்தில் 40 பெசோவைத் தாண்டியது. கடன் டாலரில், வருமானம் பெசோவில். ஒரு டாலர் கடனைக்கூடப் புதிதாக வாங்காமலேயே, பெசோ கணக்கில் கடன் பாதிக்கும் மேல் வீங்கிவிட்டது. அந்த நட்டத்தைக் கட்டணத்தில் விரைவாக ஈடுகட்ட முதல் ஒப்பந்தத்தில் வழியில்லை. 2001இல் திருத்தியபோது காலம் கடந்துவிட்டது. 2003இல் நிறுவனம் நீதிமன்றத்தின் பாதுகாப்பைத் தேடிப் போனது. 2007இல் புதிய உரிமையாளர்கள் வந்த பிறகே கசிவைக் குறைக்கும் வேலை சூடுபிடித்தது.

என் வகுப்பு மாணவர் யாராவது இந்த இடத்தில் கையை உயர்த்தி, “அப்படியானால் இது கட்டுப்படுத்தப்பட்ட சோதனையே இல்லையே” என்று கேட்டால் மகிழ்வேன். உண்மைதான். கடன் சமமில்லை. மேற்கில் பழைய நகரத்தின் பழைய குழாய்களும் அதிகம். ஆனாலும் ஒரு முடிவுக்கு வரலாம். இரண்டு பக்கமும் தனியார், விளைவு நேரெதிர். ஆகவே ‘தனியார்’ என்ற ஒரு மாறியை வைத்து மட்டும் விளைவை விளக்க முடியாது.

மறுபக்கச் சான்றும் இருக்கிறது. கம்போடியாவின் தலைநகர் நோம் பென்னில் நீர் விநியோகம் அரசு நிறுவனத்தின் கையில். உள்நாட்டுப் போரால் சிதைந்திருந்த அந்த நிறுவனத்தில் 1993இல் இழப்பு 72 விழுக்காடு. அந்த ஆண்டு பொறுப்பேற்ற ஏக் சொன் சான் எல்லா இணைப்புக்கும் மீட்டர் பொருத்தினார். கசிவைக் குறைத்த ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை கொடுத்தார். கட்டணம் செலுத்தாதவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்தார். படைத்தளபதி ஒருவரின் வீட்டு இணைப்பில் கைவைக்கப் போனபோது தலையில் துப்பாக்கி வைக்கப்பட்டதை அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஜப்பானும் உலக வங்கியும் ஆசிய மேம்பாட்டு வங்கியும் பணம் கொடுத்து உதவின என்பதையும் மறக்கக் கூடாது. 15 ஆண்டுகளில் இழப்பு ஏறத்தாழ 6 விழுக்காட்டுக்கு வந்தது. 2006இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

கிழக்கு மணிலாவையும் நோம் பென்னையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாளி வேறு, வேலை ஒன்றே. வட்டாரம் வட்டாரமாக அளந்தார்கள், அளவுக்கு ஒருவரைப் பொறுப்பாக்கினார்கள், அளவு முன்னேறினால் பலன் கொடுத்தார்கள். என் கருத்து இதுதான்: வளரும் நாடுகளில் ‘யாரிடம் கொடுப்பது’ என்ற கேள்விக்கு நாம் தேவைக்கு அதிகமாகத் தொண்டை வறளப் பேசுகிறோம். ‘எதை அளப்பது, அளவை யார் பார்ப்பது, எதிர்பாராத நட்டம் யார் தலையில்’ என்ற கேள்விகளை ஒப்பந்தத்தின் பின்பக்கங்களில் விட்டுவிடுகிறோம்.

அளக்கும் வேலை பொதுமக்கள் சார்பாக நடக்க வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். காரணம், இதே கிழக்கு மணிலாவில் 2019 மார்ச்சில் நடந்தது. கசிவைக் குறைப்பதில் பெயரெடுத்த அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் நள்ளிரவில் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். தீயணைப்பு வண்டிகள் நீர் கொண்டுவந்தன. எப்படி?

எளிய கழித்தல்தான். 100 லிட்டரில் 63 லிட்டர் வீணானபோது விற்க மிஞ்சியது 37. வீணாவது 11 ஆனபோது விற்க மிஞ்சியது 89. ஒரு சொட்டுப் புது நீர் இல்லாமலேயே 2.4 மடங்கு. பல ஆண்டுகள் நகரத்தின் வளர்ச்சிக்கு ஈடுகொடுத்தது கசிவு என்ற இந்த மறைமுக அணைக்கட்டுதான். ஆனால் 89ஐ அடைந்தபின், கசிவை அறவே ஒழித்தாலும் 100தான். மிச்சம் எட்டில் ஒரு பங்கு கூட இல்லை. மக்கள் தொகையோ நிற்கவில்லை. நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது நாளுக்கு 1,600 மில்லியன் லிட்டர். தேவை 1,700 மில்லியனைத் தாண்டியது. வித்தியாசத்தை லா மேசா நீர்த்தேக்கத்திலிருந்து எடுத்து எடுத்து, அது வற்றியதும் குழாயும் வற்றியது. அங்காட் அணையில் அப்போது நீர் இருந்தது. ஒதுக்கீடுதான் போதவில்லை. லகுனா ஏரியிலிருந்தும் நீர் எடுக்கத் தொடங்கியிருந்த மேற்குப் பகுதியிடம், கொஞ்சம் நீர் கடன் வாங்க வேண்டி வந்தது!

புதிய நீர்வளத்தைத் தேடுவது யார் வேலை? அரசு நிறுவனத்தின் வேலை என்றது ஒரு தரப்பு. 24 மணி நேரமும் நீர் தருவதாகக் கையெழுத்திட்டது நீங்கள்தானே என்றது மறு தரப்பு. பல ஆண்டுகளாகப் பேசப்பட்ட காலிவா அணை கட்டப்பட்டிருக்கவில்லை. அது கட்டப்பட்டால் நிலத்தை இழக்கப்போகும் பூர்வகுடி மக்களின் எதிர்ப்பும் தீர்ந்திருக்கவில்லை. கசிவை அடைத்தால் மறு மாதமே வருமானம் கூடும். அணைக்கட்டினால் பலன் வரப் பத்தாண்டு ஆகும். எது முந்தும் என்று சொல்ல ஜோசியம் தேவையில்லை. அரசு, நிறுவனத்துக்கு 1.13 பில்லியன் பெசோ விதித்தது. அதே ஆண்டு நவம்பரில், கட்டணம் தொடர்பான வேறொரு வழக்கில், அரசு அந்நிறுவனத்துக்கு 7.39 பில்லியன் பெசோ தர வேண்டும் என்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. அதிபரின் கோபத்தைக் கண்டு நிறுவனம் அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்தது. ஒப்பந்தங்கள் திருத்தி எழுதப்பட்டன.

நம் நாட்டிலும் சுத்திகரித்த நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வருமானம் தராமல் போகிறது. சில மாநிலங்களில் தனியார் வந்தார்கள், சில இடங்களில் மாநில அரசே திரும்ப எடுத்துக்கொண்டது. 18 வயதில் ஓட்டுரிமை வந்துவிட்ட உங்களிடம், இன்னும் இரண்டு மூன்று ஆண்டுகளில் இதைப் பற்றிக் கருத்துக் கேட்பார்கள். அதற்குள் அளந்து பழகுங்கள். இன்று இரவு வீட்டில் எல்லாரும் படுத்தபின், தண்ணீர்த் தொட்டி நிறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, வெளியே உள்ள நீர் மீட்டரின் எண்ணைச் சிவப்பு இலக்கங்கள் உட்படக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் யாரும் குழாயைத் திறக்கும் முன் மறுபடி பாருங்கள். எண் மாறியிருந்தால், கழிவறைத் தொட்டியின் மிதவையிலிருந்து தேடத் தொடங்குங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.